சாட்சிச் செடிக்குத் தண்ணீர்

புதுச்சேரி ஓரத்தில் இருக்கும் எங்கள் கருங்கரைப்பாளையம் போதையில்லா ஊராக அறிவிக்கப்பட்ட நாளில், எங்கள் கரும்புத் தோட்டத்துக்குப் பின்னால் கஞ்சாச் செடிகள் என் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்து நின்றன. அறிவிப்பு செடிகளைத் தடுக்கவில்லை. செடிகளும் அறிவிப்பைத் தடுக்கவில்லை. இரு தரப்பும் தத்தம் கடமையைச் செவ்வனே ஆற்றின.

விழாவைக் குறை சொல்ல முடியாது. பாகூர் போகும் சாலை முக்கில் ஓர் அட்டைச் சட்டம் நிறுத்தி, அதற்குள் முகத்தை நுழைத்து ஊரே செல்ஃபி எடுத்துக்கொண்டது. சாராயக்கடைக்காரர் தம் செலவில் மோர்ப் பந்தல் போட்டிருந்தார். போதையில்லா ஊரில் சாராயக்கடை எப்படி என்று யாரும் கேட்கவில்லை. அது வருவாய், போதை வேறு, வருவாய் வேறு என்கிற தெளிவு எங்கள் பக்கத்து மக்களுக்குப் பிறவியிலேயே உண்டு.

பள்ளிக்கூடத்தில் விழிப்புணர்வுக் கண்காட்சி. கஞ்சா இலை எப்படி இருக்கும், எந்த மண்ணில் வளரும், எவ்வளவு வெயில் வேண்டும் என்று வண்ணப் படங்களோடு பெரிய பெரிய பலகைகள். பிள்ளைகள் முட்டி மோதிக்கொண்டு பார்த்தார்கள். "எந்தப் பாடத்தையும் இதுங்க இவ்ளோ உன்னிப்பா கவனிச்சதே இல்ல" என்று வகுப்பாசிரியை நெகிழ்ந்து போனார்.

உன்னிப்பாகக் கவனித்தவர்களில் என் பிள்ளை அரிகரனும் ஒருவன். ஒன்பதாம் வகுப்பு. எனக்கு அவன் ஒருவன்தான். என் கணவர் தமிழ்க்குமரனுக்குக் கரும்பும் நெல்லும் போக அவன் ஒருவன்தான்.

கொஞ்ச நாளாகவே அவன் கண் சிவந்திருந்தது. சோற்றைப் பார்த்துச் சிரித்தான். ஆடு கத்தினால் சிரித்தான். துக்க வீட்டுக்குக் கூட்டிப் போனேன், அங்கேயும் சிரித்தான். வயசுக்கோளாறு என்றார்கள். பிறகு ஒரு நாள் சிரிப்பு நின்றது. பாடப் புத்தகத்தை மூடிவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

"யம்மா, இந்த ஃபேன் என்னப் பத்தியே பேசிக்கினு இருக்குது. நிறுத்து."

நிறுத்தினேன்.

"இன்னும் பேசுதும்மா" என்றான்.

மறுநாள் பள்ளி விட்டதும் அவன் பின்னாலேயே போனேன். கரும்புக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் வெளியே வந்தால் வாய்க்கால். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒரு நீளத் துண்டு நிலம், ஒரு மாட்டு வண்டி போகிற அகலம். அங்கே நாலைந்து பிள்ளைகள். பாகூர்க் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் புவனேஸ்வரியின் மகன் புகழ்வேந்தன் கையில் பூவாளி.

"இன்னாடா இது?"

"சயின்ஸ் ப்ராஜக்ட், ஆன்ட்டி."

"இன்னா ப்ராஜக்ட்?"

"போதை விழிப்புணர்வு, ஆன்ட்டி."

மிரட்டியதில் மீதியும் வந்தது. பைக்கில் வரும் ஓர் 'அண்ணன்' விதை கொடுத்தானாம், போனுக்கு ரீசார்ஜ் செய்து கொடுத்தானாம். வளர்த்து வைத்தால் வந்து எடுத்துக்கொள்வானாம். நடுவில் 'டேஸ்ட் பாத்துக்கலாம்' என்று அனுமதியும் கொடுத்திருக்கிறான். ஊர் போதையில்லா ஊரானதும் அவன் பயந்து ஓடிவிட்டான். அந்த அறிவிப்பால் விளைந்த ஒரே நன்மை அதுதான். ஆனால் செடியை விட்டுவிட்டுப் போய்விட்டான். பிள்ளைகள் பொறுப்பானவர்கள், தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

"நானே புடுங்கிப் போட்டுடறேன். நீ வாயத் தொறக்காத சுதா, புள்ள பேரு வெளிய வந்துடும்" என்றார் என் கணவர்.

"கையும் செடியுமா உங்களப் புடிச்சா?" என்றேன். தவிரவும், நான் கான்வென்ட்டில் படித்தவள். பிரச்சினை என்றால் உரிய இடத்தில், உரிய மொழியில், குரல் உயர்த்தாமல் தெரிவிக்க வேண்டும் என்று சிஸ்டர்கள் எங்களைப் பழக்கியிருந்தார்கள். உரிய இடம் எப்படி இருக்கும் என்று சிஸ்டர்கள் போய்ப் பார்த்ததில்லை.

போதையில்லா ஊர் இயக்கத்தின் சிறப்பு அலுவலர் திரு. நமச்சிவாயம் என்னை மரியாதையாக உட்கார வைத்தார். பிள்ளை பெயரைச் சொல்லாமல், யாரோ வளர்க்கிறார்கள் என்றேன்.

"எந்த ஊர் மேடம்?"

"கருங்கரைப்பாளையம்."

"வாய்ப்பில்ல."

"என் கண்ணால பாத்தேன் சார்."

"அறிவிப்புக்கு முன்னாடி பாத்தீங்களா, பின்னாடி பாத்தீங்களா?"

"பின்னாடிதான்."

"அப்ப வாய்ப்பே இல்ல மேடம். முன்னாடின்னாகூட யோசிக்கலாம்."

ஆனாலும் நல்ல மனிதர், வந்து பார்த்தார். செடிகளைச் சுற்றி வந்தார். முகம் வெளிறிப் போயிற்று. பிறகு கரும்பு ஓரத்தில் காலில் ஏதோ இடித்தது. குனிந்தார். பிரெஞ்சுக்காரன் காலத்தில் நட்ட எல்லைக்கல். அவர் முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததை நான் பார்த்தேன்.

"மேடம், கதாஸ்தர்ல நம்ம புதுச்சேரி இந்தக் கல்லோட முடிஞ்சுடுது. செடி கல்லுக்கு அந்தாண்ட. இது தமிழ்நாட்டுச் செடி. அதான பாத்தேன்!"

கதாஸ்தர் என்பது பிரெஞ்சு நாளைய நில வரைபடம். எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டுச் சமையலறை புதுச்சேரியிலும் கிணறு கடலூர் மாவட்டத்திலும் இருப்பது சாதாரணம். உடனே போன் போட்டு எல்லைக்கு அப்பால் உள்ள கிராம நிர்வாக அலுவலர் சாமிநாதனை வரவழைத்தார். சாமிநாதன் வாய்க்கால் ஓரமாகவே நடந்து, புதரை விலக்கி, தம் பங்குக்கு ஒரு கல்லைக் கண்டுபிடித்தார். அது இங்கிலீஷ்காரன் நட்ட கல்.

"எங்க எல்லை இந்தக் கல்லோட சரி சார். செடி கல்லுக்கு உங்க பக்கம் இருக்குது."

ஆக, பிரெஞ்சுக்காரன் கல்லும் இங்கிலீஷ்காரன் கல்லும் ஒன்றையொன்று தொடவில்லை. நடுவில் ஒரு மாட்டு வண்டி அகலத்துக்கு உலகத்தில் எந்த அரசாங்கமும் இல்லை. அந்த இடமாகப் பார்த்துத்தான் பைக் அண்ணன் விதை போட்டிருக்கிறான். மூன்று தலைமுறை சர்வேயர்களுக்குத் தெரியாதது அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

"நீங்களே வெச்சுக்கங்க சார்" என்றார் நமச்சிவாயம்.

"ஐயோ, வேணாம் சார். உங்க ஊர்ச் சொத்து, எங்களுக்கு எதுக்கு? எங்க ஊரும் போதையில்லா ஊருதான், போன மாசமே அறிவிச்சிட்டாங்க."

"உங்க வாய்க்கால் தண்ணியிலதான சார் வளந்துருக்குது."

"உங்க கரும்பு நெழல்ல சார்."

ஏரித் தண்ணீருக்கு அடித்துக்கொள்கிற இரண்டு அரசுகள் இவ்வளவு பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்து நான் பார்த்ததே இல்லை.

"சார், நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. நான் புடுங்கிப் போட்டுடறேன்" என்றேன்.

"தொடாதீங்க!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள். "அரசாங்கமே இல்லாத இடத்துல இருக்கறத எடுக்கணும்னா எந்த அரசாங்கம் மேடம் அனுமதி தரும்?"

வீட்டுக்கு வந்தேன். அரிகரன் மூலையில் உட்கார்ந்து சுவரில் காதை வைத்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் காற்று திசை மாறியது. அதிகமாகப் பறிமுதல் செய்யும் ஊருக்குப் பதக்கம் என்று இயக்கத்தின் மேலிடம் அறிவித்தது. போதையே இல்லாத ஊரில் எதைப் பறிமுதல் செய்வது என்று சந்தேகம் வரலாம். அதற்கும் சுற்றறிக்கையில் விளக்கம் இருந்ததாம்: பிடித்துக் காட்டினால்தான் இல்லை என்பது உறுதியாகும்.

விடிந்ததும் நமச்சிவாயம் செடிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அரைமணியில் சாமிநாதனும் வந்தார், அவர் கையில் குடை.

"என்ன சார், எங்க செடிகிட்ட உக்காந்துருக்கீங்க?"

"உங்க செடியா? கதாஸ்தர நல்லாப் பாத்தேன் சார். கல்லு நகந்துருக்குது. இது புதுச்சேரி மண்ணு. முகர்ந்து பாருங்க."

"உங்க வாயால நீங்கதான சார் எங்களுதுன்னீங்க?"

"அது நல்லெண்ண அடிப்படையில சொன்னது."

சண்டை மேலே போய், மேலே இருப்பவர்களின் மேலே போய், கடைசியில் ஓர் ஆணையாகத் திரும்பி வந்தது. எல்லை முடிவாகும்வரை தற்போதைய நிலை தொடர வேண்டும்.

தற்போதைய நிலை என்றால் என்ன? இதைப் பற்றி இரு அலுவலர்களும் எங்கள் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து ஆலோசித்தார்கள். நான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்ததால் முழுவதும் கேட்டேன். செடி காய்ந்துவிட்டால் தற்போதைய நிலை போச்சு. ஆகவே தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீர் ஊற்றினால் வளரும். வளர்ந்தாலும் தற்போதைய நிலை போச்சு. ஆகவே வளர்ந்த அளவுக்கு நுனியைக் கிள்ள வேண்டும்.

"யாரு கிள்ளுவாங்க? ஆள் போட ஆணையில இடமில்ல" என்றார் சாமிநாதன்.

"தன்னார்வலர்களப் போடலாம். முன் அனுபவம் உள்ளவங்களாப் பாத்து."

முன் அனுபவம் உள்ளவர்கள் ஊரில் நாலைந்து பேர்தான். அந்தப் பிள்ளைகள் வழக்கம்போலப் பூவாளியோடு வந்தபோது, எப்படி இவ்வளவு நன்றாக வேலை தெரிகிறது என்று யாரும் கேட்கவில்லை. 'போதைக்கு இடமில்லை' என்று எழுதிய மஞ்சள் பனியன் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். என் பிள்ளைக்குக் கொஞ்சம் தொளதொளப்பாக இருந்தது.

நான் பதறிப் போய்க் கேட்டேன். "கிள்ளுன இலைய இன்னா சார் பண்ணுவாங்க?"

நமச்சிவாயம் ஆணையைப் புரட்டினார். "செடியப் பத்திதான் மேடம் போட்டுருக்குது. இலையப் பத்தி ஒண்ணும் இல்ல."

இலையைப் பற்றி ஒன்றும் இல்லாததால் பிள்ளைகள் அதை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். நுனி கிள்ளினால் செடி புதராகக் கிளைக்கும் என்பது வெண்டைக்காய் வளர்த்த எவருக்கும் தெரியும். ஆக, தற்போதைய நிலை நாளுக்கு நாள் அடர்த்தியாகிக்கொண்டே போனது. முன்பு பயந்து பயந்து போனவர்கள் இப்போது பனியன் போட்டுக்கொண்டு அரசாங்கப் பணிக்குப் போனார்கள்.

அரிகரன் தூங்குவதை நிறுத்தினான். அப்பா தன் சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார் என்றான். என் கணவர் கொல்லைப்புறம் போய் நின்று அழுததை, பார்க்காதவள்போல் பார்த்தேன். பிள்ளையை இழுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன்.

டாக்டர் சிந்து சின்னப் பெண், என்னைவிட ஐந்தாறு வயது குறைவு. பிள்ளையின் கண்ணை விரித்துப் பார்த்தார். அவனை வெளியே உட்காரச் சொன்னார். பிறகு எழுதினார்: வெயில் தாக்கம்.

"டாக்டர், வெயில் இல்ல. அவன் கஞ்சா..."

அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அக்கா, பாத்த உடனே தெரிஞ்சுது. ஆனா இந்த ஊர்ல போதை நோயாளியே இல்லன்னு மேல சொல்லியாச்சு. இல்லாத நோயாளிய நான் எழுதினா, எங்கிருந்து வந்தாருன்னு என்னைத்தான் கேப்பாங்க."

"அப்ப மத்த புள்ளைங்களுக்கு இன்னா எழுதுறீங்க?"

"ஒருத்தனுக்குப் பரீட்சை பயம். ஒருத்தனுக்கு மொபைல் சூடு. மீதிப் பேருக்கெல்லாம் வெயில்." அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "இந்த வருஷம் இந்தச் சுத்துவட்டாரத்துல வெயில் ரொம்ப ஜாஸ்தி அக்கா."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு டாக்டராகப் பேசினார். "பதினாலு வயசு மூளை, கட்டி முடிக்காத வூடு மாதிரி. கான்க்ரீட் காயறதுக்குள்ள ஆட்டக்கூடாது. எல்லாப் பசங்களுக்கும் இப்படி ஆகாது. ஆனா இவனுக்குக் குரல் கேக்க ஆரம்பிச்சிடுச்சு. இதுக்கு மேல விட்டா திரும்பக் கூட்டிட்டு வர்றது கஷ்டம். நாளைக்கே பிள்ளையார்குப்பம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, மனநல டாக்டர் பாத்து மாத்திரை தருவாங்க. ஆனா செடி கைக்கெட்டற தூரத்துல இருக்கறவரைக்கும் எந்த மாத்திரையும் வேலை செய்யாது. முதல்ல செடி போகணும் அக்கா."

முதல்ல செடி. பிறந்ததிலிருந்து இவ்வளவு தெளிவான ஆணையை நான் கேட்டதில்லை. அன்று சாயங்காலமே அரிவாளை எடுத்துக்கொண்டு கரும்புக்குள் நுழைந்தேன். மஞ்சள் பனியன்கள் வரிசையாக நின்றன. நடுவில் என் பிள்ளை.

"நில்லும்மா. அனுமதி இருக்குதா?"

"எதுக்குடா அனுமதி?"

"இது சர்ச்சைக்குரிய பகுதி. சாட்சியப் பொருள். சேதப்படுத்தினா இரு மாநில அரசுகளும் நடவடிக்கை எடுக்கும்."

தமிழ்ப் பாடத்தில் பாஸ் மார்க் எடுக்கத் திணறுகிற பிள்ளை. ஒரு தடுமாற்றம் இல்லாமல் சொன்னான். எந்தப் பள்ளிக்கூடமும் கற்றுக் கொடுக்காததை இயக்கம் கற்றுக் கொடுத்திருந்தது.

"போடா அந்தாண்ட" என்று தள்ளிவிட்டு முதல் செடியை வேரோடு பிடுங்கினேன்.

அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். "யம்மா வேணாம்மா. அதுங்க கத்துதும்மா. உனக்குக் கேக்கலியா? கத்துதும்மா!"

மற்றப் பிள்ளைகள் பயந்து ஓடிவிட்டார்கள். பிடுங்கப் பிடுங்க அவன் அலறினான். நான் நிறுத்தவில்லை. கடைசிச் செடியையும் வாய்க்காலில் எறிந்துவிட்டு, சேற்றுக் கையோடு அவனைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் நெஞ்சு என் நெஞ்சில் அடித்துக்கொண்டது.

சேதி கேட்டு நமச்சிவாயம் ஓடி வந்தார். வெறும் மண்ணைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"இன்னா மேடம் பண்ணிட்டீங்க! எல்லைப் பிரச்சினை இன்னைக்குத்தான் சுமுகமா முடிஞ்சுது. ஆளுக்குப் பாதி. ரெண்டு பக்கத்து மேலிடமும் சேந்து வந்து எரிக்கறதா இருக்குது. பந்தல்காரனுக்குக்கூடச் சொல்லியாச்சு, தேதிதான் பாக்கி."

"செடிதான் போச்சே சார். விட்டுருங்க. நல்லதுதான?"

"எப்படி விடறது? செடி இருந்தா, அடையாளம் தெரியாத நபர்கள் வளர்த்தாங்கன்னு எழுதிட்டு எரிச்சுடலாம். செடி இல்லன்னா எதைக் காட்டுறது? அப்ப நபர்கள அடையாளம் தெரிஞ்சே ஆகணும் மேடம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் பார்வை என் மடியில் கிடந்த பிள்ளையின் மஞ்சள் பனியன்மேல் நின்றது. "எனக்கு ஏற்கெனவே தெரியும். நானும் புள்ள பெத்தவன். அதனாலதான் சொல்றேன். விழாவுக்குத் தேதி கெடைக்க இன்னும் நாலு மாசமாவது ஆகும். அதுக்குள்ள செடி பழைய அளவுக்கு இருந்தா, யார் பேரும் வராது."

"யாரு சார் வளக்கறது?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். நல்ல அதிகாரி எப்போதும் பதிலை மக்களிடமே விட்டுவிடுவார்.

புவனேஸ்வரி வீட்டில் அம்மாக்கள் கூடினோம். புகழ்வேந்தனின் ஜியாமெட்ரி பாக்ஸில் மிச்ச விதை இருந்தது. கொஞ்ச நேரம் எல்லோரும் அழுதோம். பிறகு பங்கு பிரித்துக்கொண்டோம்.

"எனக்குக் கொத்தமல்லியே மொளைக்காதுடி" என்றாள் புவனேஸ்வரி.

"மொளைக்கலன்னா உன் புள்ள போலீஸ் ஸ்டேஷன்ல மொளைப்பான். ஊறப் போடு" என்றேன். என் வாயிலா இப்படி வருகிறது என்று எனக்கே ஆச்சரியம்.

நான் மாடியில் வைத்தேன். மாடிக் கதவுக்கு இரட்டைப் பூட்டு. சாவி என் தாலிக் கொடியில். என் கணவர் ஏணி வைத்து ஏறிப் பார்த்துவிட்டு, "கரும்புக்குக் கூட நீ இவ்ளோ பண்ணதில்ல" என்றார். உரக்கடையில், இலை பெரிதாக வர என்ன போடலாம் என்று கேட்டேன்.

"இன்னா பயிரும்மா?"

"கீரைங்க."

"ஊர்ல பொம்பளைங்க அத்தினி பேரும் கீரைதான் வெக்கறீங்க போல. நல்ல முன்னேற்றம்."

'மாடித்தோட்ட மகளிர்' என்று ஒரு வாட்ஸப் குழு தொடங்கினோம். முதலில் பயத்தில் விசாரித்துக்கொண்டோம்: பூச்சி வந்துவிட்டதே, என்ன செய்ய? கொஞ்ச நாளில் படம் போட ஆரம்பித்தோம். அதன் பிறகு, என்ன சொல்ல, போட்டி வந்துவிட்டது. 'எங்க வீட்டுது உங்களதவிட அரை அடி கூட' என்று புவனேஸ்வரி போட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நமச்சிவாயம் வாரம் ஒரு முறை வளர்ச்சி ஆய்வுக்கு வந்து, காப்பி குடித்துவிட்டு, திருப்தி தெரிவித்துவிட்டுப் போனார்.

இதில் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளுக்கு ஓர் இலை கிடைக்கவில்லை. இரண்டு அரசாங்கம், நாற்காலி, குடை, பனியன் எதனாலும் ஆகாத காவல் அம்மாக்களால் ஆயிற்று. பிள்ளையார்குப்பம் டாக்டர் கொடுத்த மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்தது. முதலில் சுவர் பேசுவதை நிறுத்தியது, அப்புறம் ஃபேன். ஒரு மத்தியானம் அரிகரன் வத்தக்குழம்பு இன்னொரு கரண்டி கேட்டான். அப்பா கையாலேயே போடச் சொன்னான். ஒரு நாள் மாடிப் படியில் நின்று, "யம்மா, மேல இன்னா பண்ற?" என்று கேட்டான்.

"துணி காயப் போடறேன். ஏறி வராத."

"வரல. டியூஷனுக்கு நேரமாச்சுன்னு சொல்ல வந்தேன்."

டியூஷனுக்கு நேரமாச்சு என்று அவனாகச் சொன்னான். நான் மேலே செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

விழா வந்தது. எங்கள் செடிகளைச் சாக்கில் சுற்றி எடுத்துப் போய், விடிவதற்குள் அந்தத் துண்டு நிலத்தில் வரிசையாக நட்டோம். இரு மாநில விருந்தினர்களும் வந்தார்கள். ட்ரோன் பறந்தது. அடையாளம் தெரியாத நபர்களை மேடையில் கடுமையாகக் கண்டித்தார்கள். அடையாளம் தெரியாத நபர்கள் முன்வரிசையில் பட்டுப் புடவையில் உட்கார்ந்து கை தட்டினோம்.

தீ வைக்கும்போதுதான் சங்கடம். செடி எரியவில்லை. அத்தனை பச்சை, அத்தனை ஊட்டம். மண்ணெண்ணெய் ஊற்றியும் புகைந்ததே ஒழியப் பற்றவில்லை. கடைசியில் எங்கள் தோட்டத்திலிருந்து காய்ந்த கரும்புச் சோகை கொண்டுவந்து மேலே போட்டு எரித்தார்கள். "என்ன வளர்ப்பு பாத்தீங்களா! கைதேர்ந்த கும்பல்" என்று ஒரு விருந்தினர் வியந்தார். புவனேஸ்வரி வெட்கத்தோடு தலை குனிந்தாள்.

பதக்கம் இரண்டாக வெட்டப்படாமல், ஆளுக்கொன்றாக வழங்கப்பட்டது. நன்றியுரை முடிந்ததும் நமச்சிவாயம் எங்களைத் தனியே அழைத்தார்.

"மேலிடத்துக்கு ரொம்ப சந்தோஷம். வர்ற வருஷம் இலக்கு இரட்டிப்பு. எல்லா ஊருக்கும் இலக்கு உண்டு, ஆனா நம்ம ஊர்தான் முன்மாதிரி. யார் யார் பொறுப்பு எடுத்துக்கறீங்க? கட்டாயமில்ல. எடுத்துக்காதவங்க பேரு மட்டும் சொன்னா போதும்."

யாருடைய கை முதலில் உயர்ந்தது என்று தெரியவில்லை. என்னுடையதாகக் கூட இருக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை ருக்குமணி வந்தாள். என்னோடு கான்வென்ட்டில் ஒரே பெஞ்சில் படித்தவள், கடலோரத்தில் பனித்திட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் வாழ்க்கைப்பட்டவள். உட்கார்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க ஊருக்கும் இலக்கு போட்டுட்டாங்கடி சுதா. செடி காட்டலன்னா ஆளக் காட்டணுமாம். பையனுங்க இருக்கற வூடாப் பாத்துப் பேர் எடுத்துக்கினு போயிருக்காங்க. எங்க போவேன் நான்? எங்க ஊர்ல அந்தச் செடியே கெடையாது. எங்க பசங்களுக்கு அது எப்படி இருக்கும்னு கூடத் தெரியாதுடி."

அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று புரிந்தது. உள்ளே போய், அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைத்திருந்த விதை டப்பாவை எடுத்து வந்தேன். விதையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"மாடியில வெச்சுப் பூட்டிடு ருக்கு. பையன் கண்ணுல படக்கூடாது."

"மாடி ஏதுடி எனக்கு? ஓட்டு வூடு. கொல்லையிலதான் வெக்கணும். நான் காத்தாலயே மீன் ஏலத்துக்குப் போயிடுவேன்." முகத்தில் சட்டென்று ஒரு மலர்ச்சி வந்தது. "ஆனா கவலை இல்ல. தண்ணி ஊத்தறதெல்லாம் நான் பாத்துக்கறேம்மான்னு எங்க பையன் சொல்லிட்டான். பதிமூணு வயசுதான். இன்னா பொறுப்பு தெரியுமா?"

நான் வாயைத் திறந்தேன். உள் அறையில் அரிகரன் சத்தமாகக் கணக்குப் பாடம் படித்துக்கொண்டிருந்தான். குரல் அவ்வளவு தெளிவாக இருந்தது.

வாயை மூடிக்கொண்டேன். இன்னொரு பிடி விதை அள்ளி அவள் பையில் போட்டேன். முளைக்காமல் போனால் பாவம், அவளும் பிள்ளை பெற்றவள்தானே.